தொடங்கியவர் போனால் போர் போய்விடுமா?

சிங்கப்பூரில் கட்டாயப் படைப் பணியான தேசிய சேவையில் இருக்கும் ஓர் இளைஞர் என்னிடம் கேட்டது இது: "உக்ரேன் போரைப் பற்றி எங்கள் முகாமில் அடிக்கடி விவாதம் வருகிறது. புட்டின் இறந்துவிட்டால் போர் மறுநாளே நின்றுவிடும் என்று சிலர் சொல்கிறார்கள். ஒரு தனிமனிதர் தம் விருப்பத்துக்குத் தொடங்கிய போர் அவரோடு முடிந்துவிடுமா, ஐயா? இல்லையென்றால் எப்படித்தான் முடியும்? முடிந்த பிறகு அந்த இரண்டு நாடுகளும் முகம் கொடுத்துப் பேசிக்கொள்ள முடியுமா?"

தம்பி, முப்பது ஆண்டுகள் உயர்நிலைப் பள்ளியில் வரலாறு கற்பித்தவன் நான். போர்கள் ஏன் தொடங்கின என்றுதான் மாணவர்கள் கேட்பார்கள். தேர்விலும் அதுதான் வரும். எப்படி முடிந்தன என்று கேட்டவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். அதனால் உங்கள் கேள்வி எனக்கு மிகவும் பிடித்திருக்கிறது. கொஞ்சம் நீளமாகவே பதில் சொல்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். தலைவரை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தால் இந்தக் கேள்விக்கு விடை கிடைக்காது. அவருக்கு ஒரு படி கீழே நிற்பவர்களைப் பார்க்க வேண்டும். படைத் தளபதிகள், கருவூலத்தைக் கையில் வைத்திருப்பவர்கள், உளவுத்துறைத் தலைவர்கள், வெளியிலிருந்து ஆயுதமும் கடனும் தரும் நட்பு நாடு. போரை அறிவிக்க ஒருவர் போதும்; அதைச் சுமக்கப் பல ஆயிரம் தோள்கள் வேண்டும். சுமையை இறக்கி வைத்தால் நமக்கு என்ன ஆகும் என்று அந்தத் தோள்களுக்கு உரியவர்கள் போடும் கணக்குதான் போரை நீட்டிக்கவும் செய்கிறது, முடிக்கவும் செய்கிறது.

நம் மண்ணிலிருந்தே தொடங்குகிறேன்.

என் அம்மாவின் அம்மா ஜொகூரில் லாபிஸ் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர். "ஜப்பான்காரன் காலத்தில்" என்று அவர் பேச்சைத் தொடங்கினால் வீட்டில் எல்லாரும் அமைதியாகிவிடுவோம். 1943இல் அவருடைய தம்பியைச் சயாமுக்கு, அதாவது இன்றைய தாய்லாந்துக்கு, ரயில்பாதை போட அழைத்துப் போனார்கள். சயாமையும் பர்மாவையும் இணைத்த 415 கிலோமீட்டர் பாதை அது. மலாயாத் தோட்டங்களிலிருந்து பல்லாயிரம் தமிழர்கள் அதற்காகக் கொண்டுபோகப்பட்டார்கள். காலராவிலும் மலேரியாவிலும் பசியிலும் அடியிலும் பெருந்தொகையினர் அங்கேயே மடிந்தார்கள். 1943 அக்டோபரில் பாதை முடிந்த பிறகும் பலரை வீட்டுக்கு அனுப்பவில்லை. பழுதுபார்க்கும் வேலைக்கு அங்கேயே நிறுத்திக்கொண்டார்கள்.

பசிபிக் போரைத் தொடங்கியபோது ஜப்பானின் பிரதமராக இருந்தவர் ஜெனரல் டோஜோ. 1944 ஜூலையில் சைப்பான் தீவு அமெரிக்கர் கைக்குப் போனதும் அவர் பதவி விலக நேர்ந்தது. தொடங்கியவர் போய்விட்டார். உங்கள் நண்பர்கள் சொல்வது சரியென்றால் போர் அன்றோடு நின்றிருக்க வேண்டும். ஆனால் அதன்பிறகும் ஓராண்டுக்கு மேல் நடந்தது. மணிலா நகரம் தரைமட்டமானது, டோக்கியோ தீக்கிரையானது, ஒக்கினாவாவில் ஏறக்குறைய மூன்று மாதம் இரத்தம் ஓடியது, ஹிரோஷிமாவிலும் நாகசாகியிலும் அணுகுண்டு விழுந்தது. இவை அனைத்தும் டோஜோ வீட்டுக்குப் போன பிறகு நடந்தவை. லாபிஸ் தோட்டத்தில் அவர் பதவி விலகிய செய்தியே யாருக்கும் தெரியாது. தெரிந்திருந்தாலும் மரவள்ளிக்கிழங்குதான் சாப்பாடு, வாழைமரம் அச்சடித்த நோட்டுதான் பணம்.

ஜப்பானில் அதிகாரம் ஒரே மனிதரிடம் இருக்கவில்லை என்பது உண்மை. ஆனால் அந்தக் கடைசி மாதங்களைப் பாருங்கள். 1945 ஆகஸ்ட் 9ஆம் தேதி, ஒரு குண்டு விழுந்தாகிவிட்டது, சோவியத் படை மஞ்சூரியாவுக்குள் நுழைந்துவிட்டது. அன்று கூடிய ஆறு பேர் கொண்ட போர்க்குழு, நேச நாடுகளின் நிபந்தனையை ஏற்பதா வேண்டாமா என்பதில் மூன்றுக்கு மூன்று என்று பிளந்து நின்றது. அவர்கள் கூடியிருக்கும்போதே நாகசாகிச் செய்தி வந்தது. அப்போதும் ஒருவரும் மனம் மாறவில்லை. பேரரசரின் நிலை என்னவாகும், போர்க் குற்றத்துக்கு யார் யாரை விசாரிப்பார்கள், படைகளை யார் கலைப்பார்கள் என்பதுதான் மறுத்தவர்களின் கவலை. பேரரசரே தலையிட்டு முடிவெடுத்த பிறகும், 14ஆம் தேதி இரவு சில இளம் அதிகாரிகள் அவருடைய வானொலி உரைப் பதிவைக் கைப்பற்ற அரண்மனைக்குள் புகுந்து தேடினார்கள். அது அவர்கள் கையில் கிடைத்திருந்தால் இன்னும் எத்தனை வாரம், எத்தனை உயிர் போயிருக்குமோ!

சிங்கப்பூரில் இருந்த ஜெனரல் இத்தகாகிக்கும் சரணடைய முதலில் மனமில்லை. பேரரசரின் குடும்பத்து இளவரசர் ஒருவர் இந்தப் பக்கம் பறந்து வந்து ஆணையை உறுதிப்படுத்த வேண்டியிருந்தது. கடைசியில் செப்டம்பர் 12ஆம் தேதி, பாடாங் திடல் எதிரே நகர மண்டபத்தில் நேச நாட்டுப் படைத் தளபதி மவுண்ட்பேட்டன் முன்னிலையில் அதே இத்தகாகி கையெழுத்திட்டார். பாட்டியின் தம்பி திரும்பி வரவில்லை.

ஹிட்லர் இறந்ததும் போர் நின்றதே என்று நீங்கள் கேட்கலாம். 1945 ஏப்ரல் 30இல் அவர் தற்கொலை செய்துகொண்டார், மே 8இல் ஜெர்மனி சரணடைந்தது. ஆனால் அவர் இறந்த நேரத்தில் சோவியத் படை அவருடைய பதுங்கிடத்துக்குச் சில நூறு மீட்டர் தொலைவில் நின்றது. சுமப்பதற்குத் தோளே மிச்சமில்லாத நிலை அது. 1944 ஜூலை 20இல் அவரைக் கொல்ல வைத்த குண்டு பலித்திருந்தால் என்ன நடந்திருக்கும் என்பதுதான் உண்மையான கேள்வி. அதற்கு வரலாறு விடை தரவில்லை.

டோஜோவைவிட உங்கள் கேள்விக்கு நெருக்கமான போர் ஒன்று நம் வாசலிலேயே நடந்தது. இன்றைய பிள்ளைகள் அதைப் பாடநூலில் இரண்டு பக்கமாகப் படித்துவிட்டுக் கடந்துபோகிறார்கள் என்பது எனக்கு நெடுநாள் வருத்தம். மலாய் மொழியில் 'கொன்ஃபிரொந்தாசி' என்பார்கள். மலேசியா உருவாகப் போகிறது என்றதும் 1963 ஜனவரியில் இந்தோனேசியா மோதல் கொள்கையை அறிவித்தது. அதே ஆண்டில்தான் அதிபர் சுகார்னோவை ஆயுட்கால அதிபர் என்று அறிவித்தார்கள். 'மலேசியாவை நசுக்கு' என்பது அவருடைய முழக்கம். சிங்கப்பூர் அப்போது மலேசியாவில் சேரவிருந்த நேரம்.

என் தந்தை தஞ்சோங் பகார் துறைமுகத்தில் சரக்கு ஏற்றி இறக்கும் தொழிலாளி. 1963 செப்டம்பரில் இந்தோனேசியா வணிகத்தைத் துண்டித்ததும் அங்கிருந்து வரும் சரக்கு நின்றது. வாரத்தில் ஆறு நாள் வேலைக்குப் போனவர் மூன்று நாள் போனார். போர் என்பது எனக்கு முதலில் அப்படித்தான் தெரியவந்தது. பகல் நேரத்தில் அப்பா வீட்டில் உட்கார்ந்திருந்தார்.

1964 ஆகஸ்ட் 17ஆம் தேதி, இந்தோனேசியாவின் சுதந்திர தினத்தன்று, ஜொகூரில் பொந்தியான் கரையில் அவர்களுடைய படையினர் இறங்கினார்கள். செப்டம்பர் 2ஆம் தேதி லாபிஸ் பக்கம் பாராசூட்டில் குதித்தார்கள். பாட்டிக்கு அது இரண்டாம் போர். உள்ளூர் மக்கள் கிளர்ந்தெழுந்து தங்களோடு சேர்வார்கள் என்ற நம்பிக்கையோடு வந்தவர்கள் அவர்கள். அப்படி எந்தக் கிளர்ச்சியும் நடக்கவில்லை. பெரும்பாலோர் பிடிபட்டார்கள் அல்லது கொல்லப்பட்டார்கள். இப்படிப்பட்ட தலைவர்கள் தொடங்கும் போர்களில் இந்தத் தவறு திரும்பத் திரும்ப வருகிறது. இடித்துரைக்க ஆள் இல்லாத அவையில் நல்ல செய்தி மட்டும்தான் மேலே ஏறும். சில நாளில் முடிந்துவிடும், மக்கள் மாலையோடு காத்திருப்பார்கள் என்று சொல்பவனுக்குப் பதவி உயர்வு. இல்லை என்பவனுக்குச் சிறை.

1965 மார்ச் 10ஆம் தேதி பிற்பகல் ஆர்ச்சர்ட் சாலையில் மெக்டோனல்ட் ஹவுஸ் கட்டடத்தில் இந்தோனேசியக் கடற்படை வீரர்கள் வைத்த குண்டு வெடித்தது. மூன்று பேர் உயிரிழந்தார்கள், 33 பேர் காயமடைந்தார்கள். இறந்தவர்களில் இரண்டு பேர் அங்கிருந்த வங்கியில் வேலை பார்த்த பெண்கள். மூன்றாமவர் ஓர் ஓட்டுநர். வேலைக்கு வந்த பொதுமக்கள்.

இந்த மோதல் முடிந்த விதத்தைக் கவனியுங்கள். சபாவும் சரவாக்கும் இருக்கும் போர்னியோ தீவின் எல்லையைப் பிரிட்டனும் குர்காப் படைகளும் ஆஸ்திரேலியாவும் நியூசிலாந்தும் மலேசியப் படையினரோடு சேர்ந்து காத்தன. இந்தோனேசியப் படையால் அங்கே ஓர் ஊரையும் பிடித்து வைத்துக்கொள்ள முடியவில்லை. இது முதல் காரணம், இது இல்லாமல் மற்றவை நடந்திருக்காது. அடுத்தது ஜகார்த்தாவில் நடந்தது. விலைவாசி எகிறிக்கொண்டிருந்தது. படையைப் போர்னியோவுக்கு அனுப்பிவிட்டு ஜாவாவைப் பொதுவுடைமைக் கட்சியிடம் விட்டுவிட வேண்டியிருக்குமோ என்று தரைப்படைத் தளபதிகள் அஞ்சினார்கள். அதனால் அதிபருக்கு முன்னால் முழக்கம் போட்டார்கள், களத்தில் மெதுவாக நடந்தார்கள். சுகார்த்தோ அப்போது மலேசியாவுக்கு எதிரான படைப்பிரிவின் துணைத் தளபதி. அவருக்கு நெருக்கமான அதிகாரிகள் 1965லேயே மலேசியத் தரப்புடன் மறைவாகத் தொடர்பு வைத்திருந்தார்கள். போரை நடத்த வேண்டியவர்களே அதிலிருந்து வெளியேற வாசல் தேடிக்கொண்டிருந்தார்கள். சுகார்னோ இதை அறிந்திருந்தாரா என்பதைவிட, அறிந்தாலும் அவரால் என்ன செய்திருக்க முடியும் என்பதே முக்கியம்.

1965 செப்டம்பர் 30ஆம் தேதி இரவு ஆறு ஜெனரல்கள் கொல்லப்பட்டார்கள். அதைத் தொடர்ந்து படிப்படியாக அதிகாரம் சுகார்த்தோ கைக்கு வந்தது. 1966 மார்ச் 11இல் சுகார்னோ கையெழுத்திட்ட ஆணை அதை உறுதிசெய்தது. ஜூன் தொடக்கத்தில் பாங்காக்கில் இந்தோனேசிய வெளியுறவு அமைச்சர் ஆடம் மாலிக்கும் மலேசியத் துணைப் பிரதமர் துன் அப்துல் ரசாக்கும் பேசி முடித்தார்கள். ஆகஸ்ட் 11இல் ஜகார்த்தாவில் உடன்பாடு கையெழுத்தானது. சுகார்னோ அன்றும் பெயரளவில் அதிபர்தான். ஓராண்டு கழித்து 1967 ஆகஸ்ட் 8இல் தென்கிழக்காசிய நாடுகளின் கூட்டமைப்பான ஆசியான் பிறந்தது.

அந்த உடன்பாட்டில் ஒரு சிறு வரி உண்டு. சபா, சரவாக் மக்கள் மலேசியாவில் இருக்கும் தங்கள் முடிவைப் பொதுத்தேர்தல் வழியாக மறுபடியும் உறுதிசெய்ய வாய்ப்பு அளிக்கப்படும் என்பது அது. இந்தோனேசியா தோற்றது என்று எங்கும் எழுதப்படவில்லை. 'மக்கள் விருப்பத்தைத்தானே நாங்கள் கேட்டோம்' என்று சொல்லிக்கொண்டு மானத்தோடு திரும்பிப்போக ஒரு வழியை மலேசியா விட்டு வைத்தது. அந்த வரியை எழுதியவர்களின் கையை நான் கும்பிடுவேன்.

ஆனால் ஒரு விஷயத்தை மறைத்துவிட்டு இதை நல்ல முடிவு என்று நான் சொன்னால் அது பொய்யாகிவிடும். அந்த ஆட்சி மாற்றத்தில் இந்தோனேசியாவில் பொதுவுடைமைக் கட்சியினர் என்றும் அவர்களுடைய ஆதரவாளர்கள் என்றும் குறைந்தது 500,000 பேர் கொல்லப்பட்டதாகப் பொதுவாக மதிப்பிடுகிறார்கள். அந்த மோதலில் இரு தரப்பிலும் இறந்தவர்கள் சில நூறு பேர். 'உள்ளிருந்து ஒருவர் வந்து அவரைத் தூக்கி எறிந்துவிட்டால் நல்லது' என்று நாம் எளிதாகச் சொல்கிறோம். உள்ளிருந்து வருபவர் நல்லவராக இருக்க வேண்டிய கட்டாயம் எதுவும் இல்லை. போரை நிறுத்துவதற்கு அவருக்கு நல்ல மனம் தேவையில்லை, காரணம் இருந்தால் போதும்.

இனி, தலைவர் இறந்த போர்களுக்கு வருகிறேன். கொரியப் போரில் 1951 ஜூலையிலேயே சமாதானப் பேச்சு தொடங்கிவிட்டது. பேசிக்கொண்டே இரண்டு ஆண்டு சுட்டுக்கொண்டார்கள். கைதிகளை அவர்கள் விருப்பத்துக்கு மாறாகத் திருப்பி அனுப்பலாமா என்பதில் பேச்சு சிக்கிக் கிடந்தது. 1953 மார்ச் 5இல் ஸ்டாலின் இறந்தார். சில வாரங்களில் முடிச்சு தளர்ந்தது. ஜூலை 27இல் போர்நிறுத்தம். படையை எல்லை தாண்டி அனுப்பிய வடகொரியத் தலைவர் கிம் இல் சுங் உயிரோடுதான் இருந்தார். இறந்தவர் அந்தப் போருக்கு ஒப்புதலும் ஆயுதமும் கொடுத்தவர். சமாதான ஒப்பந்தம் மட்டும் இன்றுவரை கையெழுத்தாகவில்லை.

இதற்கு எதிர்க்கதை போர்த்துகல். ஆப்பிரிக்கக் காலனிகளில் 1961இல் போர் தொடங்கியபோது ஆட்சியில் இருந்தவர் சலசார். 1968இல் அவர் நோயில் விழுந்தார், வேறொருவர் பிரதமரானார், போர் அப்படியே தொடர்ந்தது. இன்னும் ஆறு ஆண்டு கழித்து, 1974 ஏப்ரல் 25இல், அந்தக் காடுகளில் முறைவைத்து அனுப்பப்பட்டுச் சலித்துப்போன கேப்டன்களும் மேஜர்களும் லிஸ்பனில் ஆட்சியைக் கவிழ்த்தார்கள். அதன்பிறகுதான் முடிந்தது. ஆப்கானிஸ்தானும் அப்படித்தான். படையை அனுப்பிய சோவியத் தலைவர் பிரெஷ்னேவ் 1982இல் இறந்தார். அவருக்குப் பின் இரண்டு தலைவர்கள் வந்து இறந்தார்கள். நான்காமவராக வந்த கோர்பசேவ் வெளியேற நினைத்தும், கடைசிப் படைவீரன் பாலத்தைக் கடந்து போக 1989 பிப்ரவரி 15 வரை ஆனது. ஆகவே தலைவரின் மரணம் ஒரு கதவைத் திறக்கலாம். அதன் வழியே நடந்து போக வேண்டுமென்ற எண்ணம் கீழே இருப்பவர்களுக்கு முன்பே இருந்திருக்க வேண்டும்.

தோல்வியே தலைவரைத் தூக்கி எறிந்த கதைகளும் உண்டு. பாகிஸ்தானின் யாஹ்யா கான் 1971 டிசம்பர் 3இல் இந்திய விமானத் தளங்களைத் தாக்கினார். 16ஆம் தேதி டாக்காவில் அவருடைய படை சரணடைந்தது. 20ஆம் தேதி அவர் பதவியில் இல்லை. அர்ஜென்டினாவின் கல்தியெரி பிரிட்டன் வசமிருந்த ஃபாக்லாந்து தீவுகளைப் பிடித்தபோது தலைநகரின் சதுக்கத்தில் கூட்டம் ஆர்ப்பரித்தது. 74 நாளில் தோற்றார். சில நாளில் சக ஜெனரல்களே அவரை இறக்கிவிட்டார்கள். இந்த இரண்டு இடத்திலும் போர் குறுகியது, தோல்வி ஒளிக்க முடியாதது, அவரை விட்டால் தாங்கள் தப்பலாம் என்று தெரிந்த ஒரு படைத்தலைமை இருந்தது.

அப்படியொரு தலைமையை உயிரோடு விட்டுவைக்காதவர் சதாம் ஹுசைன். அவர் கதை எனக்கு இன்னும் நெஞ்சை அடைக்கிறது. 1975இல் ஈரானோடு செய்த எல்லை உடன்பாட்டைக் கிழித்தெறிந்துவிட்டு 1980 செப்டம்பரில் படையெடுத்தார். 1982 மே மாதம் ஈரான் தன் துறைமுக நகரான கொர்ரம்ஷாரை மீட்டதும் நிறுத்திக்கொள்ள விரும்பினார். இப்போது மறுத்தவர் ஈரானின் தலைவர் கொமேனி. தொடங்கியவர் நிறுத்த நினைத்தாலும் முடியவில்லை; இன்னும் ஆறு ஆண்டு, பல லட்சம் உயிர்கள். 1988இல் போர்நிறுத்தத்தை ஏற்றபோது அதை நஞ்சு குடிப்பதற்கு ஒப்பிட்டார் கொமேனி. அடுத்த கொடுமையைக் கேளுங்கள். 1990 ஆகஸ்டில் குவைத்தைப் பிடித்த சதாம், ஈரானைச் சமாதானப்படுத்த அதே 1975 உடன்பாட்டை மறுபடியும் ஏற்றுக்கொண்டார். எட்டு ஆண்டுப் போர் எந்தக் கோட்டில் தொடங்கியதோ அந்தக் கோட்டுக்கே திரும்பியது. குவைத்திலும் தோற்றார், பதவியில் மேலும் பன்னிரண்டு ஆண்டு இருந்தார். தோற்றவனும் விட்டதைப் பிடிக்கிறேன் என்று மறுபடி பந்தயம் கட்டலாம், அவனைத் தடுக்கும் இடத்தில் ஒருவரும் இல்லாதபோது.

பணம் கொடுப்பவரைப் பார்க்க வேண்டும் என்றேன் அல்லவா? கம்போடியா அதற்கு நம் வட்டாரத்துச் சான்று. அதை அப்போது ஆண்ட போல் போட்டின் படைகள் எல்லை தாண்டி வியட்நாமியக் கிராமங்களில் கொன்று குவித்தன. 1978 டிசம்பரில் வியட்நாம் திருப்பித் தாக்கி, இரண்டு வாரத்தில் தலைநகர் நோம் பென்னைப் பிடித்தது. ஆனால் பத்து ஆண்டுக்கு மேல் அங்கேயே தங்கிவிட்டது. சிங்கப்பூர் அதை ஐக்கிய நாடுகள் மன்றத்தில் ஆண்டுதோறும் எதிர்த்தது. அப்போது வெளியுறவு அமைச்சராக இருந்த ராஜரத்தினமும் அவருக்குப் பின் வந்த தனபாலனும் சொன்ன காரணம் ஒன்றுதான். ஒரு நாடு இன்னொரு நாட்டின் அரசைப் படை கொண்டு மாற்றுவதை ஏற்றுக்கொண்டால் சிறிய நாடு எதுவும் தூங்க முடியாது. அந்தக் கொள்கை சரி என்பதில் எனக்கு ஐயமில்லை. அதைக் காப்பதற்காகக் போல் போட்டின் கெமர் ரூஜ் கட்சிக் கொலைகாரர்களும் அங்கம் வகித்த கூட்டணிக்கு ஐ.நா. இருக்கை கிடைக்கத் துணைநின்றோம் என்பதில் என் மனம் இன்றும் ஆறவில்லை. வியட்நாம் 1989இல் வெளியேறியது. மாஸ்கோவிலிருந்து வந்த உதவி வற்றியது அதற்கு ஒரு பெரிய காரணம்.

இப்போது உக்ரேன். 2022 பிப்ரவரி 24இல் படையெடுப்பு நடந்து நான்கு நாளிலேயே நம் வெளியுறவு அமைச்சர் விவியன் பாலகிருஷ்ணன் நாடாளுமன்றத்தில் ரஷ்யாவுக்கு எதிரான தடைகளை அறிவித்தார். ராஜரத்தினம் காலத்துக் காரணமேதான். இந்தியா ஐ.நா. வாக்கெடுப்பில் ஒதுங்கி நின்றதால், சிராங்கூன் சாலையில் காப்பிக்கடை மேசைகளில் அந்த வாரம் முழுவதும் இதே பேச்சு. நமக்கு எதற்கு இந்த வம்பு என்று கேட்ட நண்பர்களிடம் நான் சொன்னது, ஜப்பானியரிடம் வீழ்ந்த 1942 பிப்ரவரி 15ஐ அனுபவித்த ஊர் இது என்பதுதான்.

புட்டின் நாளை இறந்தால்? எனக்குத் தோன்றுவதைச் சொல்கிறேன். போர் மறுநாள் நிற்காது. அடுத்து வருபவர் முதலில் தம் கழுத்தைக் காத்துக்கொள்ள வேண்டும். முதல் வாரத்திலேயே பின்வாங்கினால் கோழை என்று சொல்லிப் போட்டியாளர்கள் அவரை இறக்கிவிடுவார்கள். ஆனால் ஓராண்டு, ஈராண்டு என்று பார்த்தால் வாய்ப்பு கூடும். ஏனென்றால் தொடங்கிய தவறுக்கு அவர் பொறுப்பாளி இல்லை; பழியை இறந்தவர் மேல் போட்டுவிட்டு வெளியேற முடியும். தொடங்கியவருக்கு அந்த வசதி கிடையாது. புலிவாலைப் பிடித்தவர் நிலை அவருடையது.

இன்னொன்று. 2022 செப்டம்பர் இறுதியில் ரஷ்யா உக்ரேனின் நான்கு மாநிலங்களைத் தன்னோடு இணைத்துக்கொண்டதாக அறிவித்து, அதைத் தன் அரசியல் சாசனத்திலும் எழுதிவிட்டது. முழுமையாகக் கையில் இல்லாத நிலத்தையும் சேர்த்து எழுதியது. சதாமும் குவைத்தை ஈராக்கின் 19ஆவது மாநிலம் என்று அறிவித்தார். சுகார்னோ முழக்கம் போட்டார், ஆனால் சட்டத்தில் எழுதவில்லை. முழக்கத்தை மறந்துவிடலாம். சாசனத்தில் எழுதியதை அழிக்க அடுத்து வருபவருக்குப் பெருந்துணிச்சல் வேண்டும். இந்தப் போர் நீளும் என்று நான் அன்று நினைத்ததற்கு முதல் காரணம் அதுதான்.

அதனால் முகாமில் நீங்கள் விவாதிக்கும்போது தலைவரின் உடல்நிலைச் செய்தியைவிட வேறு செய்திகளைத் தேடுங்கள். படையில் சேர்பவருக்குக் கொடுக்கும் தொகை ஏறிக்கொண்டே போகிறதா? எண்ணெய் வருவாய் எப்படி இருக்கிறது? வெளியிலிருந்து ஆயுதம் தருபவர், எண்ணெய் வாங்குபவர் யாராவது தயங்குகிறார்களா? ஆயுதம் தாங்கியவர்கள் தங்களுக்குள் மோதிக்கொள்கிறார்களா? 2023 ஜூனில் ரஷ்யாவின் வாக்னர் கூலிப்படை மாஸ்கோவை நோக்கிப் புறப்பட்டபோது, வழியில் அதைத் தடுக்க முன்வந்தவர்கள் மிகக் குறைவு என்பதை நான் கவனித்தேன். இரண்டு மாதத்தில் அதன் தலைவர் பிரிகோஷின் விமான விபத்தில் இறந்தார் என்பதையும் கவனித்தேன். அதைப் பார்த்த மற்றவர்கள் வாயை மூடிக்கொண்டார்கள். மூடிய வாய்க்குள் என்ன கணக்கு ஓடுகிறது என்பது கடைசி நாள் வரை வெளியே தெரியாது. 1965இல் ஜகார்த்தாவிலும் தெரியவில்லை.

போர்நிறுத்தம் வந்தாலும் அதற்குக் காவல் யார் என்பது மிச்சம் இருக்கும். உக்ரேன் தன் மண்ணில் இருந்த அணு ஆயுதங்களை விட்டுக்கொடுத்தபோது, 1994இல் புடாபெஸ்ட்டில் ரஷ்யா, அமெரிக்கா, பிரிட்டன் மூன்றும் அதன் எல்லையை மதிப்பதாகக் கையெழுத்திட்டன. அந்தக் காகிதம் காக்கவில்லை. கொரிய எல்லைக்கோடு எழுபது ஆண்டுக்கு மேல் நிற்பதற்குக் காரணம் காகிதம் அன்று, தெற்கே இன்றும் இருக்கும் அமெரிக்கப் படை. எவ்வளவு நிலத்தை விட்டுக்கொடுப்பது என்று உக்ரேனுக்கு இங்கிருந்துகொண்டு அறிவுரை சொல்ல எனக்கு வாய் வராது. ஆனால் எந்த உடன்பாட்டைப் பார்த்தாலும், நாளை இதை மீறினால் வந்து நிற்கப்போவது யார் என்ற வரியை முதலில் தேடுங்கள்.

பிறகு பேசிக்கொள்ள முடியுமா என்றும் கேட்டிருந்தீர்கள். மெக்டோனல்ட் ஹவுஸில் குண்டு வைத்த இரண்டு இந்தோனேசியக் கடற்படை வீரர்களும் 1968 அக்டோபர் 17இல் சாங்கிச் சிறையில் தூக்கிலிடப்பட்டார்கள். சுகார்த்தோ கேட்டுக்கொண்டும் சிங்கப்பூர் இறங்கவில்லை. ஜகார்த்தாவில் நம் தூதரகம் சூறையாடப்பட்டது. இந்தோனேசியா அவர்களை வீரர்களாக அறிவித்து அடக்கம் செய்தது. மோதல் முடிந்து இரண்டு ஆண்டு ஆகியிருந்தது, ஆசியானும் பிறந்திருந்தது. ஆனாலும் நெருப்பு அணையவில்லை.

1973இல் பிரதமர் லீ குவான் இயூ ஜகார்த்தாவுக்குப் போனார். அந்த இருவரின் கல்லறைகளில் மலர் தூவினார். அவர்களைத் தூக்கிலிட்ட நாட்டின் பிரதமர் அவர். அவர்களால் இறந்த மூவரின் குடும்பங்கள் இங்கே இருந்தன. தண்டனையும் தவறில்லை, மலரும் தவறில்லை என்று நான் வகுப்பில் சொன்னபோது ஒரு மாணவி கோபத்தோடு எழுந்து, இறந்தவர்களின் பிள்ளைகளிடம் யாராவது கேட்டார்களா என்றாள். நான் பதில் சொல்லாமல் நின்றேன். அவள் கேட்டது சரியான கேள்வி. அந்த மலருக்குப் பிறகு இரு நாட்டு உறவு சீரானது என்பதும் உண்மை.

2014இல் இந்தோனேசியா புதிய போர்க்கப்பல் ஒன்றுக்கு அந்த இருவரின் பெயரை வைத்தது. சிங்கப்பூர் எதிர்ப்புத் தெரிவித்தது. அந்தக் கப்பல் நம் துறைமுகங்களுக்கும் கடற்படைத் தளங்களுக்கும் வர அனுமதி இல்லை என்று தற்காப்பு அமைச்சர் இங் எங் ஹென் நாடாளுமன்றத்தில் அறிவித்தார். உடன்பாடு கையெழுத்தாகி 48 ஆண்டு ஆகியிருந்தது. அதற்காக இரு நாடுகளும் பேச்சை நிறுத்திக்கொள்ளவில்லை.

அடுத்த முறை முகாமிலிருந்து விடுப்பில் வரும்போது டோபி காட் நிலையத்தில் இறங்குங்கள். பக்கத்துப் பசுந்திடலில் அந்த மோதலில் உயிரிழந்தவர்களுக்கும் போராடியவர்களுக்கும் ஒரு நினைவுச்சின்னம் இருக்கிறது. குண்டு வெடித்து ஐம்பது ஆண்டு நிறைந்த நாளில், 2015 மார்ச் 10இல் திறந்தார்கள். அங்கிருந்து சாலைக்கு எதிர்ப்பக்கம் பார்த்தால் மெக்டோனல்ட் ஹவுஸ் தெரியும். சிவப்புச் செங்கல் கட்டடம்.